பழமரங்களுக்கிடையே பசும்புல்: தடையாக நிற்பது காணியே

வட்டகொடை, தலவாக்கலை போன்ற தோட்டப்புறங்களில், லயத்தை ஒட்டிய கொட்டிலில் நிற்கும் பசு பல குடும்பங்களின் இரண்டாவது வருமானமாகும். மழைக்காலத்தில் வீதியோரங்களில் கிடைக்கும் புல், ஜனவரி முதல் மார்ச் வரையான வரட்சியில் அருகிவிடுகின்றது. 350 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 35 கிலோ பசுந்தீவனம் தேவை. அது கிடைக்காதபோது பாலும் குறைகின்றது.

இதற்கு ஒரு வழி, பழமரங்களுக்கு இடைப்பட்ட நிலத்தில் தீவனப் பயிர் வளர்ப்பதாகும். இந்தியாவின் ஜான்சியில் 1962 இல் நிறுவப்பட்ட புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையம், மழையை மட்டும் நம்பிய வரண்ட நிலங்களில் நெல்லி, கொய்யா, இலந்தை மரங்களுக்கிடையே புல்லையும் அவரையினத் தீவனத்தையும் வளர்த்துக் காட்டியுள்ளது.

அங்கு நீர்ப் பற்றாக்குறை பிரச்சினை. மலையகத்தில் கனமழையில் மண் கரைந்து ஓடுவதே பிரச்சினை. எனவே இங்கு ஆனைக்கொய்யா, பேரி போன்ற மரங்களையும் புல்லையும் சரிவுக்குக் குறுக்காக, சமவுயர வரிசைகளில் நட வேண்டும். புல்லின் வேர் மண்ணைப் பற்றிக்கொள்ளும். தேயிலை மீள்நடுகைக்கு முன்னர் மண்ணை வளப்படுத்தக் குவாத்தமாலா புல் வளர்க்கும் தோட்டங்களுக்கு இது புதுமையன்று. கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ-3 புல்லும் இலங்கையில் பரவலாக உள்ளது. புல்லில் புரதம் குறைவு என்பதால் வேலியோரத்தில் கிளிரிசீடியா போன்ற அவரையின மரங்களும் தேவை. குளிர் மிகுந்த உயரங்களில் முருக்கு பொருத்தமானது.

சில எச்சரிக்கைகளும் உள்ளன. இளங்கன்றைச் சுற்றி ஒரு மீற்றர் வரை புல் இருத்தலாகாது. இருப்பின் உரத்துக்கும் நீருக்கும் போட்டி ஏற்படும். சரிவில் மாட்டை மேயவிடாது, புல்லை அறுத்துக் கொட்டிலுக்கே கொண்டுசெல்ல வேண்டும். கோ-3 மண்வளத்தைப் பெரிதும் உறிஞ்சும். ஆதலால் சாணம் மீண்டும் அந்நிலத்துக்கே திரும்ப வேண்டும். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது சாணத்தின் பெறுமதியை நாடே உணர்ந்தது.

இவ்வளவு எளிய முறை தோட்டங்களில் ஏன் பரவவில்லை? விடை காணியில் இருக்கின்றது. நிலத்தின் உரித்து அரசிடம். 1992 இல் முகாமைத்துவத்தைப் பொறுப்பேற்ற கம்பனிகளிடம் அதன் குத்தகை. வீட்டுத் திட்டங்களில் வழங்கப்பட்ட 7 பேர்ச் காணி ஏறத்தாழ 177 சதுர மீற்றரே. வீட்டைக் கழித்தால் நான்கைந்து மரங்களுக்கும் இடம் போதாது. புல் சில மாதங்களில் பயன் தரும். பழமரமோ பல ஆண்டுகள் கேட்கும். நாளை தன்னிடம் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் எவர் மரம் நடுவார்?

தேயிலை கைவிடப்பட்ட நிலங்களில் ஒரு பகுதியை எழுத்துமூலமான நீண்டகால அனுமதியுடன் பால் உற்பத்தியாளர்களுக்கு வழங்குவது இயலாத காரியமன்று. கன்றும் புற்றண்டும் வழங்குவதற்கு முன்னர், அவற்றை நடுவதற்கு நிலத்தை உறுதிசெய்வதே அரசினதும் கம்பனிகளினதும் முதற் கடமையாகும்.