ஒரே வீட்டில் நாலு பிராண்டு

ஹாலில் எரியும் ஸ்மார்ட் பல்பு ஒரு கம்பெனி, பிளக் இன்னொன்று, வாசல் பூட்டு மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனி ஆப், தனி பாஸ்வேர்டு. கணவர் கையில் ஐபோன், மனைவி கையில் ஆண்ட்ராய்டு என்றால் சிக்கல் இரட்டிப்பு. பல கம்பெனிகள் தங்கள் சாதனத்துக்கான கட்டளையைத் தங்கள் சர்வர் வழியாகவே போக வைத்ததும் இதற்கு ஒரு காரணம். அதனால் இன்டர்நெட் நின்றால், தலைக்கு மேல் இருக்கும் விளக்கைக்கூட போனிலிருந்து அணைக்க முடியாமல் போகும்.

இதற்குத் தீர்வாக வந்த, எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான தரநிலையின் பெயர் மேட்டர். ஆப்பிள், கூகுள், அமேசான் மூன்றும் 2019 டிசம்பரில் சேர்ந்து தொடங்கிய முயற்சி இது. முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. மேட்டர் சாதனத்துக்கான கட்டளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போகிறது. வெளி சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டியதில்லை. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் ரூட்டருக்குக் கரண்ட் இருந்தால் போதும்.

மேட்டர் முத்திரை இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். அது வைஃபையில் ஓடுகிறதா, திரெட்டில் ஓடுகிறதா என்று பெட்டியில் பாருங்கள். திரெட் என்பது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் தனி ரேடியோ நெட்வொர்க். கரண்டில் ஓடும் ஒவ்வொரு சாதனமும் அடுத்ததற்குச் செய்தியைக் கைமாற்றும். பேட்டரியில் ஓடும் கதவு சென்சாருக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் திரெட்டை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்க நடுவில் ஒரு கருவி வேண்டும். ஆப்பிளின் ஹோம்பாட் மினி, அமேசானின் நான்காம் தலைமுறை எக்கோ போன்ற ஸ்பீக்கர்களில் அது உள்ளேயே இருக்கிறது. வெறும் வைஃபை ரூட்டர் மட்டும் இருக்கிற வீட்டில் திரெட் பல்பை வாங்கி மாட்டினால் அது பெரும்பாலும் சாதாரண பல்பாகத்தான் எரியும். வைஃபை சாதனத்துக்கும் ஆப்பிள், கூகுள், அமேசான் போன்ற ஏதாவது ஒன்றின் ஹப் (சாதனங்களை ஒருங்கிணைக்கும் கருவி) பெரும்பாலும் தேவைப்படும். அதனால் முதலில் ஹப்பை முடிவு செய்யுங்கள், பல்பைப் பிறகு பார்க்கலாம்.

மாட்டும்போது ஒரு விஷயம். இணைப்பதற்கான கியூஆர் கோடும் 11 இலக்க எண்ணும் பெரும்பாலும் பல்பின் கழுத்திலேயே ஒட்டியிருக்கும். மாட்டிய பிறகு அது ஹோல்டருக்குள் மறைந்துவிடும். பின்னால் ரீசெட் செய்ய நேர்ந்தால் ஏணி போட்டுக் கழற்ற வேண்டிவரும். மாட்டும் முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். பல ஸ்மார்ட் பல்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். இணைப்பு வரவில்லை என்றால் ரூட்டரில் முதலில் அதைப் பாருங்கள்.

இரண்டு போன் வீட்டுக்கும் வழி இருக்கிறது. ஐபோனில் சேர்த்த பல்பை ஆண்ட்ராய்டிலும் சேர்க்க, முதல் ஆப்பிலேயே இணைப்பு முறையை இயக்கினால் புதிதாக ஒரு எண் தரும். அதை இரண்டாவது ஆப்பில் போட்டால் இருவரும் அதே பல்பைத் தனித்தனியாக இயக்கலாம். ஒரு மேட்டர் சாதனம் குறைந்தது 5 அமைப்புகளோடு இப்படி இணைந்திருக்க முடியும்.

பழைய சாதனங்களைத் தூக்கிப் போட வேண்டாம். பிலிப்ஸ் ஹியூ பல்புகளின் ஹப்பான ஹியூ பிரிட்ஜ் 2023-ல் மேட்டருக்கு மாறியபோது, அதனோடு இணைந்திருந்த, ஜிக்பீ என்ற வேறு ரேடியோ முறையில் ஓடும் பழைய பல்புகளும் பிரிட்ஜ் வழியாக மேட்டருக்குள் வந்தன. உங்களிடம் இருக்கும் ஹப்புக்கு அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் கம்பெனியின் சிறப்பு வண்ண ஜாலங்கள் போன்றவை பெரும்பாலும் அதன் சொந்த ஆப்பிலேயே தங்கிவிடும்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் என் யோசனை, ஸ்மார்ட் பல்பைவிட ஸ்மார்ட் சுவிட்ச். அம்மா பழக்கத்தில் சுவரில் சுவிட்சை அணைத்தால் ஸ்மார்ட் பல்புக்குக் கரண்டே போய்விடும். பிறகு எந்த ஆப்பும் அதை எழுப்ப முடியாது. ஸ்மார்ட் சுவிட்ச் என்றால் அவர் கையால் தட்டலாம், நீங்கள் போனில் தட்டலாம். எலக்ட்ரீஷியனை வைத்தே மாட்டுங்கள்; பல மாடல்களுக்குச் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் வேண்டும். வாங்கும் முன் அது இருக்கிறதா என்று அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.