பாருக்குப் பூட்டுப் போடும் முன்

மதுக்கூடம் மூடப்பட்டது என்றால் நம்மில் பலருக்கு நிம்மதி. குடியால் சீரழிந்த வீடுகளைப் பார்த்தவர்களிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? ஆனாலும், கட்டணம் வாங்கிக்கொண்டு அரசே உரிமம் கொடுத்த ஒரு ஓட்டல் பாரை, என்ன குற்றம் என்று சொல்லாமலும் பதில் கேட்காமலும் ஒரே இரவில் சீல் வைப்பது நியாயமல்ல. உரிமையாளர் எப்படியோ சமாளிப்பார். சப்ளையர், சமையல்காரர், பாத்திரம் கழுவுபவர் ஆகியோரின் சம்பளம் அன்றோடு நின்றுவிடும்.

மது விற்பது அடிப்படை உரிமை அல்ல. 1994-இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு மதுவை முழுவதுமாகத் தடை செய்யலாம். விற்பனையைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தனியாருக்கு அனுமதி கொடுத்த பிறகு பாரபட்சம் காட்டக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, "உரிமையே இல்லாதவருக்கு எதற்கு நோட்டீஸ்?" என்று கேட்பவர்கள் உண்டு. அது தவறான கேள்வி. கொடுத்த உரிமத்தைப் பறிக்கும்போது எதிர்த்தரப்பைக் கேட்டாக வேண்டும் என்ற இயற்கை நீதி, எந்தத் தொழில் என்று பார்த்து வருவதில்லை.

கேட்காமல் பறித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் ரொன்கரெல்லி வழக்கு சாட்சி. மான்ட்ரியல் நகரில் ரொன்கரெல்லியின் குடும்ப உணவகம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மது உரிமத்தோடு நடந்துவந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற மதப் பிரிவினர் துண்டறிக்கை விநியோகித்ததற்காகக் கைதானபோது, நூற்றுக்கணக்கானவர்களுக்கு அவர் ஜாமீன் நின்றார். அது கியூபெக் மாகாண முதல்வர் டுப்ளெசிக்குப் பொறுக்கவில்லை. 1946 டிசம்பர் 4 அன்று, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் உரிமம் ரத்தானது, சரக்கும் பறிமுதலானது. உணவகம் சில மாதங்களில் மூடப்பட்டது. 1959-இல் கனடா உச்ச நீதிமன்றம், முதல்வரே தன் பொறுப்பில் 33,123 டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீதி கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. உணவகம் திரும்பி வரவில்லை.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். ஓட்டல் பார்களுக்கு எஃப்.எல்.3 உரிமத்தை மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை வழங்குகிறது. டாஸ்மாக் கடையை ஒட்டிய பார்கள் டெண்டர் மூலம் எடுக்கப்படுபவை. அவற்றுக்கு ஒப்பந்த நிபந்தனைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நோட்டீஸ் என்ற பெயரில் ஒரு காகிதம் வந்தால் போதாது. எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்த விதி மீறப்பட்டது, ஆதாரம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். உரிமத்தை நிறுத்திவைக்கப் போகிறார்களா, ரத்து செய்யப் போகிறார்களா என்பதையும் சொல்ல வேண்டும். எடுக்கவிருக்கும் நடவடிக்கை நோட்டீஸிலேயே தெரிய வேண்டும் என்பதை கோர்க்கா செக்யூரிட்டி வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அது கறுப்புப் பட்டியல் தொடர்பான வழக்கு என்றாலும் நியாயம் ஒன்றுதான். "நீ குற்றவாளி" என்று முடிவு கட்டிவிட்டு விளக்கம் கேட்கும் நோட்டீஸும் செல்லாது. 2010-இல் ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் வழக்கில் அப்படிப்பட்ட நடவடிக்கை ரத்தானது. பதில் எழுதப் போதுமான அவகாசமும் வேண்டும். உணவு விதிகளைக் கடைப்பிடிப்பதில் குறை இருந்தால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சரிசெய்யக் குறைந்தது 14 நாள் தரச் சொல்கிறது.

அவசரம் என்று ஒன்று உண்டு. கள்ளச் சரக்கு பிடிபட்டால், உயிருக்கு ஆபத்து என்றால், முதலில் மூடிவிட்டுப் பிறகு விசாரிக்கலாம். அதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த விசாரணை தாமதமின்றி நடக்க வேண்டும். தற்காலிக நடவடிக்கையானாலும் பிறகாவது கேட்டாக வேண்டும் என்று 1984-இல் லிபர்ட்டி ஆயில் மில்ஸ் வழக்கு சொல்கிறது.

பார் நடத்துபவர்களே, நோட்டீஸ் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். மறுத்தாலும் கொடுத்ததாகவே கருதப்படலாம். குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். புகார் நகல், ஆய்வு அறிக்கை, மகஜர் நகல் கேளுங்கள். நேரில் விசாரிக்கவும் கோருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சிசிடிவி பதிவு அழியும் முன் எடுத்து வையுங்கள். மூடச் சொல்லும் ஆணை அநியாயமாகவே பட்டாலும் அதை மீறி விற்காதீர்கள். நல்ல வழக்கும் அதனால் கெட்டுவிடும். மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடக் கூடாது. நோட்டீஸே இல்லாமல் ஆணை வந்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். இயற்கை நீதி மீறப்பட்டிருந்தால், மேல்முறையீட்டு வழி இருந்தாலும் ரிட் மனுவை ஏற்கலாம் என்று 1998-இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

பாரால் தொல்லைப்படும் தெருக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நோட்டீஸ் தராமல் மூடிய பார், அந்த ஒரு குறையைக் காட்டியே நீதிமன்றத்தில் தடையாணை வாங்கித் திறந்துவிடலாம். தேதி, நேரம், படத்தோடு புகார் கொடுங்கள். முறைப்படி நோட்டீஸ் அனுப்பினார்களா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.