வாடகைக் காரில் ஒரு தீவு: கல்லணையில் தொடங்கி முக்கொம்பு வரை

பள்ளி விடுமுறை விட்டதும் தஞ்சாவூர் டிராவல்ஸ்காரர்களுக்குப் போன் ஓயாது. கொடைக்கானல், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம் என்று எல்லாம் வழக்கமான ஊர்கள்தான். தீவு பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் ராமேஸ்வரத்துக்குத்தான் வண்டி பேசுவார்கள். போகவே அரை நாள் பிடிக்கும். ஆனால் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய தீவு ஒன்று நம் ஆற்றிலேயே இருக்கிறது. ஸ்ரீரங்கத்தைத்தான் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கம் தீவு என்பது பாடப் புத்தகத்தில் படித்து மறந்த செய்தி. காவிரிப் பாலம் ஏறி இறங்கியதும் கடைத்தெரு வந்துவிடுகிறது. கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, பெருமாளைச் சேவித்து, ஓட்டலில் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறோம். அதற்கு பஸ்ஸே போதும். மேற்கே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கிழக்கே கல்லணையில் மறுபடி நெருங்கி வருகின்றன. இடையில் சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் நிலம்தான் தீவு, கோயில் அதன் நடுவில் ஒரு பகுதி. டெல்டாவின் வயலுக்குத் தண்ணீர் பங்கு பிரிவது இந்தத் தீவின் இரண்டு முனைகளில். கார் எடுப்பதென்றால் அந்த முனைகளைப் பார்ப்பதற்காக எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் வண்டி பேசும் விஷயம். தஞ்சாவூரிலிருந்து பூதலூர், திருக்காட்டுப்பள்ளி, கல்லணை, ஸ்ரீரங்கம், முக்கொம்பு என்று போய், திருச்சி நெடுஞ்சாலை வழியாக ஊர் திரும்பினால் 160, 170 கிலோமீட்டருக்கு மேல் போகாது. வெளியூர் வாடகை என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்கில் பேசுவது பல இடங்களில் வழக்கம். அப்படி ஒத்துக்கொண்டால் ஓடாத தூரத்துக்கும் காசு கொடுப்பீர்கள். 'பத்து மணி நேரம், இத்தனை கிலோமீட்டர்' என்று பேசுங்கள். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் வாடகைக்குள்ளா வெளியிலா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். திரும்பும் வழியில் வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடி இருக்கிறது. கிளம்பும்போது மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் மாலையில் வாக்குவாதம் மிச்சம்.

அதைவிட முக்கியம் நம்பர் பிளேட். மஞ்சள் போர்டு வாடகை வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால் நாமே ஓட்டிப்போக வாடகைக்கு விடும் வண்டி. பக்கத்துத் தெருவில் யாராவது தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய வெள்ளை போர்டு காரை, 'டீசல் போட்டுக்கொண்டு எடுத்துப் போங்கள்' என்று மலிவாகத் தருவார். விபத்து என்று வந்தால் வாடகைக்கு விட்ட சொந்த வண்டி என்பதைக் காட்டியே இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடலாம். நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப் போய் அந்த வம்பு எதற்கு?

'கல்லணை சுத்து வழி சார், நேரா ராஜகோபுரத்துக்கே போயிடலாமே' என்று டிரைவர் இழுப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். திருக்காட்டுப்பள்ளியைத் தாண்டியதும் சாலை ஆற்றங்கரையை ஒட்டியே போகும். வழியில் கோவிலடி. திருப்பேர்நகர் என்று திவ்யதேசக் கணக்கில் வரும் அப்பக்குடத்தான் சந்நிதி அங்கேதான். பெருமாளுக்கு அப்பம்தான் நைவேத்தியம்.

கல்லணையில் இறங்கி நடக்க வேண்டும். காரின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அது வெறும் பாலம். இறங்கி நின்றால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு வழியாகத் தண்ணீர் பிரிவது தெரியும். இதில் கல்லணைக் கால்வாய் இளையது. மேட்டூர் அணை திறந்த 1934-ஐ ஒட்டி வந்தது. தஞ்சை நகருக்குள் ஓடும் புது ஆறு இதுதான். காவிரியைவிடக் கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. சும்மா விட்டால் ஆறு பள்ளம் பார்த்து அந்தப் பக்கம்தான் இறங்கும், தஞ்சை காயும். அதைத் தடுக்கத்தான் மணலில் கல்லைப் புதைத்துக் கட்டிய அணை. கரிகாலன் பெயரில் நிற்கிறது. அந்த அடித்தள நுட்பத்தை இங்கே படித்துக்கொண்டுதான் ஆர்தர் காட்டன் பின்னாளில் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். பிள்ளைகளுக்கு இதெல்லாம் அலுத்தால் யானைமேல் கரிகாலன் சிலை இருக்கிறது, மீன் வறுத்து விற்கும் கடைகள் இருக்கின்றன. கோயிலுக்குப் போகிற நாள் என்று வீட்டில் முறைப்பார்கள். அது உங்கள் பாடு.

அணையைக் கடந்தால் தீவு. கவரப்பட்டு, கிளிக்கூடு, உத்தமர்சீலி, பனையபுரம், திருவளர்சோலை என்று வரிசையாக ஊர்கள். பெரும்பாலும் வாழை. தார் வெட்டும் பருவத்தில் மினி லாரியை ஓரமாக நிறுத்தி, தாருக்குத் தார் சருகு வைத்து அடுக்குவார்கள். அவர்கள் ஏற்றி முடிக்கும் வரை நம் கார் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு பக்கமும் பெரிய ஆறு ஓடுகிறது, ஆனால் சாலையிலிருந்து இரண்டுமே பல இடங்களில் தெரியாது. வாழைத்தோப்பு மறைத்துவிடும். பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

திருவானைக்காவலுக்கு உச்சிக்காலத்துக்குள் போய்விடுங்கள். அர்ச்சகர் புடவை உடுத்தி, அம்மனாகவே வந்து அப்பு லிங்கத்துக்குப் பூஜை செய்வது அப்போதுதான். அதன் பிறகு நடை சாத்துவார்கள், ஸ்ரீரங்கத்திலும் நடு மதியத்தில் காத்திருக்க நேரும். ஏழு பிராகாரம், 21 கோபுரம் கொண்ட கோயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாக நின்ற ராயகோபுரம் 236 அடி ராஜகோபுரமாக முடிந்தது 1987-இல்தான் என்பதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், நம்ப மாட்டார்கள். வெயில் தாழ்ந்தால் மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா.

முக்கொம்புக்குக் காவிரிப் பாலத்தைத் தாண்டிக் கரூர் சாலையைப் பிடிப்பதுதான் காருக்கு வசதி. முத்தரசநல்லூர், ஜீயபுரம் கடந்தால் மேலணை வந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொள்ள, காவிரி மணல் மேடிட்டுக் கிடந்தது. 1836-இல் காட்டன் இங்கே அணை எழுப்பி ஆற்றைத் தஞ்சைப் பக்கம் திருப்பினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் கொள்ளிடப் பகுதியின் 45 மதகுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. பிறகுதான் புதிய கதவணை கட்டினார்கள். பூங்காவும் ஊஞ்சலும் பார்க்க வருகிறவர்கள் ஐந்து நிமிடம் அந்தப் பக்கமும் நடந்து பார்க்கலாம். நம் வீட்டு அரிசி அந்த மதகைத் தாண்டி வந்த தண்ணீரில் விளைந்ததுதான். இதை விளக்கித் தமிழில் ஒழுங்கான பலகை ஒன்று தீவின் இரு முனையிலும் வைத்தால் சுற்றுலாத் துறைக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.

எப்போது கிளம்பலாம்? ஆற்றில் தண்ணீர் வந்த பிறகுதான். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அடுத்த சில நாளில் கல்லணையும் திறப்பார்கள். ஆடிப்பெருக்கு வரை காத்திருந்தால் அம்மாமண்டபத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் இடைப்பட்ட வாரங்களே சரி. மேட்டூரில் உபரி நீர் திறந்திருந்தால் மட்டும் கிளம்பும் முன் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளம் மிகுந்தால் உத்தமர்சீலி தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகும், கல்லணைச் சாலையை அடைத்துவிடுவார்கள்.