நாகை மாவட்டத்தில் கடனும் கையெழுத்தும்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் கரையோரம் மீன்பிடி, உள்ளே நெல் சாகுபடி. இரண்டையும் நம்பித்தான் நாம் கடன் கொடுக்கிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சம்பா நெல் விற்ற பணம் தீர்ந்து, விவசாயிகள் மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திருப்பதும் அப்போதுதான். அணை திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. ஆகவே சித்திரை, வைகாசியில் இரு தரப்பாருக்கும் மளிகை நம் கடைப் பற்றில்தான் போகிறது. அந்த மாதங்களில் வசூலுக்கு நெருக்குவதில் பயனில்லை.

இந்தக் கடனுக்கு ஈடு என்ன? பலர் உழுவது கோயில் நிலம். குத்தகைதாரர் அதை அடமானம் வைக்க இயலாது. மீனவரின் சொத்து படகும் வலையும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும், 2018 நவம்பர் 16 கஜா புயலும் அவற்றை என்ன செய்தன என்பதை நாம் கண்ணால் கண்டோம். மிஞ்சுவது மனிதர்களின் நாணயம் ஒன்றே.

ஆயினும் நாணயத்துக்கும் எழுத்து வேண்டும். நம் பேரேட்டுப் பதிவு மட்டும் வழக்கில் போதிய சாட்சியம் ஆகாது. சரக்குக் கடனுக்குக் காலவரம்பு மூன்று ஆண்டுகள். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் காலவரம்பு புதிதாகத் தொடங்கும்.

எனவே விவசாயிகளிடம் தை, மாசியிலும், மீனவர்களிடம் ஆடியிலும் கணக்குப் பார்த்து, முடிந்ததை வரவு வைத்து, மீதிக்குக் கையெழுத்து வாங்குவோம். பேரேட்டின் நகல் ஒன்று கடற்கரையை விட்டுத் தள்ளி இருக்கட்டும். சரக்குக் காப்பீட்டில் புயல், வெள்ளம் சேர்ந்துள்ளதா என்றும் பார்த்துக்கொள்வோம். கடன் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. கணக்கு காப்பாற்றப்பட்டால் உறவும் காப்பாற்றப்படும்.