கறுப்பு மங்கும்போது: கார்பன் ஃபைபர் பாகங்களைக் காப்பது எப்படி?

விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் மேனியில், நெய்த பட்டுப் போல மின்னும் கறுப்புப் பரப்பை நாம் கண்டிருப்போம். பானெட், பக்கக் கண்ணாடியின் உறை, பின்புற ஸ்பாய்லர் எனப் பல பாகங்களில் வண்ணம் பூசாமல், நெசவு தெரியும்படி விடப்படும் அப்பொருளே கார்பன் ஃபைபர். எஃகைவிட எடை மிகக் குறைவு, உறுதியோ மிகுதி, விலையும் அதற்கேற்ப மிகுதி. அத்தகைய பாகம் சில கோடைகள் கடந்ததும் தேநீர்க் கறை படிந்ததுபோல் பழுப்பேறினால், உரிமையாளரின் மனம் மட்டுமன்று, வண்டியின் மறுவிற்பனை மதிப்பும் வாடும்.

1981-ஆம் ஆண்டில் மெக்லாரன் அணி, கார்பன் ஃபைபரால் அமைந்த உடற்கூட்டைக் கொண்ட எம்பி4/1 காரை ஃபார்முலா 1 பந்தயத்தில் களமிறக்கியது. 1992-இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1, அதே நுட்பத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தது. பந்தயக் காரின் ஆயுள் சில பருவங்களே. சாலையில் ஓடும் காரோ ஆண்டுக்கணக்கில் வெயிலையும் மழையையும் தாங்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மங்குவது எது?

நிறம் மாறுவது இழையன்று. ஓர் இழையின் தடிமன் ஏறத்தாழ 7 மைக்ரான். தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லியது. பெரும்பாலும் தூய கரியாலான அதனை வெயில் வெளுக்கச் செய்வதில்லை. இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் எபாக்ஸி பிசினே மாறுகிறது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களைப் பிசினின் மூலக்கூறுகள் உறிஞ்சுகின்றன. அவற்றின் பிணைப்புகள் அறுந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து புதிய சேர்மங்கள் உருவாகின்றன. அவை நீல ஒளியை விழுங்கிவிடுவதால், பிசின் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. கறுப்பு நெசவின்மேல் படர்ந்த அம்மஞ்சளே பழுப்பாகத் தோன்றுகிறது.

இதனைத் தடுக்கவே, புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்கள் கலந்த கிளியர் கோட் மேலே பூசப்படுகிறது. அதன் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கே. காலப்போக்கில் அக்காப்புப் பொருள்களும் தீர்ந்துபோகின்றன. எஞ்சின் வெப்பம், பறவை எச்சம், கடலோர ஈரப்பதம் ஆகியவை அச்சிதைவை விரைவுபடுத்துகின்றன. வெளிக்கடைகளில் வாங்கிப் பொருத்தும் மலிவான பாகங்கள் சிலவற்றில் இப்பூச்சு போதிய அளவில் இருப்பதில்லை. அவை விரைவில் மஞ்சளாகின்றன.

அடையாளங்களை அறிவோம்

பரப்பு முழுவதும் சீராகப் படர்ந்த மஞ்சள், வெயிலின் வேலை. பால்போன்ற வெண்திட்டு, பூச்சு அடிப்பரப்பை விட்டுப் பிரிந்ததையோ ஈரம் உட்புகுந்ததையோ காட்டும். விரலால் தடவும்போது மாவு போன்ற தூள் ஒட்டினால், பிசினே சிதையத் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம். தொடக்கநிலை மஞ்சள் தோற்றக் குறை மட்டுமே. பாகத்தின் வலிமை குறைந்துவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் பல்லாண்டுகள் கவனியாது விட்டால், பிசின் அரிக்கப்பட்டு இழைகளே வெளித்தெரியும் நிலை வரும்.

பழுதின் ஆழத்தைப் பொறுத்தே தீர்வு அமையும். பூச்சு மட்டும் மங்கியிருந்தால் பாலிஷ் செய்தாலே போதும். பூச்சு பழுதாகியிருந்தால், நுண்ணிய வாட்டர் பேப்பரால் நீரூற்றித் தேய்த்து நீக்கி, புதிய பூச்சு பூச வேண்டும். இதனைத் தேர்ந்த கைகளிடம் ஒப்படைப்பதே நன்று. சற்றே அழுத்தித் தேய்த்தாலும் இழை அறுபடும். அறுந்த இழையை மீட்க முடியாது. உலர்நிலையில் தேய்த்தால் எழும் கரித்தூசு நுரையீரலுக்கும் தீங்கு.

வருமுன் காப்பது எளிது. நிழலில் நிறுத்துதல், மென்மையான ஷாம்புவால் கழுவுதல், பறவை எச்சத்தை உடனே துடைத்தல், புற ஊதாக் காப்புள்ள மெழுகையோ பாதுகாப்புப் படலத்தையோ பயன்படுத்துதல் ஆகியவை போதும். தூசு படிந்த வண்டியின்மேல் உறையைப் போர்த்தினால் கீறல் விழும் என்பதையும் நினைவில் கொள்வோம்.

பணத்தைக் கணக்கிடுவோம்

மோட்டார் காப்பீட்டுப் பாலிசிகள் இயல்பான தேய்மானத்தை ஏற்பதில்லை. வெயிலால் வந்த நிறமாற்றம் பொதுவாக அவ்வகையில் அடங்கும். விபத்தில் சேதமுற்ற பாகத்தை மாற்றும்போதும், பிளாஸ்டிக் என்றால் 50 விழுக்காடும், ஃபைபர் கிளாஸ் என்றால் 30 விழுக்காடும் தேய்மானமாகக் கழிக்கப்படுவது வழக்கம். கார்பன் ஃபைபர் எவ்வகையில் சேரும் என்பதைப் பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டுப் பெறுவது நலம். பின்னர் பொருத்திய பாகங்களையும் நிறுவனத்திடம் தெரிவித்துவிட வேண்டும்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கடனில் வாங்க எண்ணுவோர், முன்பணம் கொடுக்குமுன் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பானெட்டின் மேற்பரப்பையும் வெயில் படாத அடிப்பரப்பையும் ஒப்பிட்டால் நிறவேறுபாடு புலப்படும். சீரமைக்கும் செலவை ஒரு பணிமனையில் எழுத்தில் பெற்று, அத்தொகையை விலையில் குறைக்கக் கேட்கலாம். வண்டியின் நிறம் மங்கினாலும் மாதத் தவணை குறைவதில்லை. ஆகவே, கையொப்பமிடுமுன் செலவிடும் அரைமணி நேரம் பின்னாளில் பெருந்தொகையை மிச்சப்படுத்தும்.