கைகாட்டியும் கம்ப்யூட்டர் கடிதமும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் சாப்ட்வேர் துறையில் ஒரு பிள்ளையோ பெண்ணோ இல்லாத வீடு அபூர்வம். ஆனால் அவர்கள் ஆபீசில் என்னதான் செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் நம்மில் பலர், “ஏதோ கம்ப்யூட்டர் வேலை” என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். நானும் அப்படித்தான் இருந்தேன். 1981இல் டிப்ளமா முடித்த கையோடு செகந்திராபாத் வந்து, முப்பத்தொன்பது வருஷம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். நான் படித்த காலத்தில் டிப்ளமாவில் கம்ப்யூட்டர் என்ற பாடமே கிடையாது. அப்படியிருந்தும் என் மகள் செய்யும் வேலையில் ஒரு பகுதி எனக்கு நன்றாகவே புரிந்தது. அது எங்கள் சிக்னல் வேலையைப் போலவே இருந்ததுதான் காரணம்.

அவள் பணப் பரிமாற்றம் சம்பந்தப்பட்ட ஒரு நிறுவனத்தில் இருக்கிறாள். பெயர் வேண்டாம். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை ஹைதராபாத், பெங்களூர், புனே என்று சாப்ட்வேர்காரர்களின் மாநாடுகளில் பேசப் போகிறாள். அவள் எடுத்துக்கொள்ளும் பொருள் எக்ஸ்எம்எல், வெப் சர்வீஸ் இரண்டும். “அதெல்லாம் செத்துப்போன சமாச்சாரம், இப்போது யார் கேட்பார்கள்?” என்று அவளுடன் வேலை செய்கிறவர்களே சொல்கிறார்களாம்.

செத்துப்போனதா என்று பார்ப்போம். நீங்கள் டீக்கடையில் போனைக் காட்டிப் பத்து ரூபாய் கொடுக்கிறீர்கள். அந்த யுபிஐ முறையில் வங்கிக் கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஓடுகிற செய்தி எக்ஸ்எம்எல்லில்தான் எழுதப்படுகிறது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடி பரிமாற்றங்களைத் தாண்டிய முறை அது. பெரிய தொகை அனுப்பும் ஆர்டிஜிஎஸ் 2013 அக்டோபரில் புதிதாக அமைக்கப்பட்டபோதும் அதே வகைச் செய்திகளைத்தான் ஏற்றுக்கொண்டார்கள். நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பில் வங்கிகள் 2023 மார்ச்சில்தான் இதற்கு மாறத் தொடங்கின. அதற்கான காலக்கெடு 2025 நவம்பரோடு முடிந்தது. துபாயில் இருக்கும் மருமகன் அனுப்பும் பணம் எந்த வடிவில் பிரயாணம் செய்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும்.

எக்ஸ்எம்எல் என்பது ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றுக்கு எழுதும் கடிதம். அதில் ஒவ்வொரு விஷயத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டின் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளவும் விதி இடம் கொடுக்கிறது. உதாரணமாக,

<சம்பளம்>
<அனுப்புநர்>முருகன் பட்டறை</அனுப்புநர்>
<பெறுநர்>செல்வம்</பெறுநர்>
<தொகை>18500</தொகை>
</சம்பளம்>

இதைப் படிக்கக் கம்ப்யூட்டர் படிப்பு வேண்டுமா? திறந்த சீட்டை மூட வேண்டும், மூடும் சீட்டில் சாய்கோடு இருக்க வேண்டும், மொத்தமும் ஒரே உறைக்குள் அடங்க வேண்டும். முக்கால்வாசி விஷயம் இவ்வளவுதான். இப்படிப்பட்ட கடிதத்தை இணையம் வழியாக அனுப்பி, ‘இந்த வேலையைச் செய்து பதில் கொடு’ என்று ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைக் கேட்பதுதான் வெப் சர்வீஸ்.

இதன் பூர்வகதையும் சுவாரசியமானது. சன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் போசக் தலைமையில் பதினோரு பேர் கொண்ட குழு இதை உருவாக்கியது. அவர்கள் ஓர் இடத்தில் உட்கார்ந்து பேசவில்லை. ஈமெயிலிலும் வாராந்திரத் தொலைபேசிக் கூட்டங்களிலுமே வேலையை முடித்தார்கள். முதல் நகல் வெளியானது 1996 நவம்பரில், பாஸ்டன் நகரில் நடந்த ஒரு மாநாட்டில். 1998 பிப்ரவரி 10ஆம் தேதி இறுதி வடிவம் வந்தது. ஆக, இது ஆரம்பத்திலேயே மாநாட்டு மேடையில் பிறந்த குழந்தை. பிறகு உலகமெங்கும் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததிலும் மேடைப் பேச்சாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் பேச்சாளர்களில் பெயர் பெற்றவர் டான் பாக்ஸ் என்ற அமெரிக்கர். பயிற்சி நிறுவனம் நடத்தியவர். வெப் சர்வீஸுக்கான ‘சோப்’ என்ற முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். ஐரோப்பாவில் நடந்த ஒரு மாநாட்டில், பெயருக்குப் பொருத்தமாக, மேடையிலேயே குளியல் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு சோப்பைப் பற்றிப் பேசினார்! நம் ஊர் உபன்யாசகர்கள்கூட இந்த அளவுக்குப் போனதில்லை.

வேடிக்கை இருக்கட்டும். 2000க்குப் பிறகு சோப்பைச் சுற்றிப் பாதுகாப்புக்கு ஒரு விதி, நம்பகத்துக்கு ஒரு விதி என்று விதிமேல் விதியாக ஏறிக்கொண்டே போயிற்று. மனிதன் படித்து மாளாது என்ற நிலை வந்ததும் அதற்கென்று கருவிகள் செய்தார்கள். மேடையில் பேச்சாளர் இரண்டு பொத்தானை அமுக்குவார், வெப் சர்வீஸ் தயாராகிவிடும், அரங்கமே கைதட்டும். கேட்டவர்கள் ஊர் திரும்பிப் பொத்தானை அமுக்கினார்கள். உள்ளே ஓடுகிற கடிதத்தை ஒருதரம்கூடக் கண்ணால் பார்க்காமலே ஒரு தலைமுறை வேலை பார்த்தது. இது என் மகளின் அபிப்பிராயம். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. எங்கள் பயிற்சிப் பள்ளியில் ரிலேயின் மூடியைக் கழற்றி, கான்டாக்ட் மேலே போவதையும் கீழே விழுவதையும் காட்டாமல் யாரும் சர்க்யூட் பாடம் நடத்தியதில்லை.

சுமை தாங்காதவர்கள் வேறு வழி தேடினார்கள். 2000ஆம் ஆண்டு ராய் ஃபீல்டிங் என்பவர் கலிபோர்னியாவில் தம் டாக்டர் பட்ட ஆய்வில் ‘ரெஸ்ட்’ என்ற எளிய முறையை விளக்கினார். அதே காலத்தில் டக்ளஸ் கிராக்ஃபர்டு ‘ஜேசன்’ என்ற சுருக்கமான எழுத்துமுறையைப் பரப்பினார். புதிய வேலைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டன. நம் வருமான வரி ரிட்டர்னும் அப்படித்தான். முன்பெல்லாம் எக்ஸ்எம்எல் பைலாக ஏற்றிக்கொண்டிருந்தோம், 2021 முதல் அது ஜேசன் ஆயிற்று. “யார் சார் அந்த ஜேசன், புது ஆபீசரா?” என்று என் பென்ஷன் நண்பர் ஒருவர் கேட்டார்.

ஆக, புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எக்ஸ்எம்எல்லைத் தொடாமலே வருகிறார்கள். வந்து உட்காரும் இடத்திலோ, வங்கியிலும் இன்ஷூரன்ஸிலும் அது மலைபோல் ஓடிக்கொண்டிருக்கிறது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லை.

என் மகள் மேடை ஏறக் காரணமாக இருந்தது ஒரு சனிக்கிழமை. இங்கே தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறை. அறுபது தொழிலாளர்கள், வாரக்கூலி. முதலாளி புதிதாகக் கணக்கு சாப்ட்வேர் ஒன்று எழுதி வாங்கியிருந்தார். அதிலிருந்து கூலிப் பட்டியல் எக்ஸ்எம்எல் பைலாகப் போயிற்று. வந்த வேகத்தில் திரும்பியது. அறுபது பேரில் ஒருவருக்கும் பணம் ஏறவில்லை. பட்டறையின் பெயரில், ‘முருகன் & கோ’ என்பதுபோல, நடுவில் ஓர் ‘&’ குறி இருந்தது. எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறிக்குத் தனி அர்த்தம் உண்டு. அதை அப்படியே எழுதக் கூடாது. குறிக்குப் பின்னால் ஏ, எம், பி என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் சேர்த்து எழுத வேண்டும். சாப்ட்வேர் எழுதிய பையன், சீட்டுகளையும் பெயர்களையும் கையாலே ஒட்டுப்போட்டு வரிகளை உண்டாக்கியிருந்தான். அதற்கென்று உள்ள தயார் நிரல்கள் இந்த மாற்றத்தைத் தாமே செய்துவிடும் என்பது அவனுக்குத் தெரியாது. “யாரும் சொல்லித்தரலை மேடம்” என்றானாம். அவனுக்கு வயது இருபத்து மூன்று.

கூலி திங்கட்கிழமைதான் போய்ச் சேர்ந்தது. இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் போனில் இருந்தாள். அந்த முதலாளி கேட்ட கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. “ஒரே ஒரு குறிக்காக மொத்தத்தையும் நிறுத்துவதா? மீதியைப் படித்துப் பணத்தை அனுப்பியிருக்கக் கூடாதா? அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?”

நியாயமான கேள்விதான். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் சீட்டு மூடாமல் விட்டாலும் பிரௌசர் ஏதோ ஊகித்துப் பக்கத்தைக் காட்டிவிடும். எக்ஸ்எம்எல்லை வகுத்தவர்கள் அதை வேண்டாம் என்று தள்ளினார்கள். எழுத்தமைப்பில் பிழை கண்டால், அதற்கு மேல் ஒழுங்கான கடிதம்போலப் படித்துக்கொண்டு போகக் கூடாது என்று விதியே எழுதினார்கள். இவ்வளவு கடுமை தேவையா என்று அவர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்தது.

இங்கேதான் எனக்கு எங்கள் கைகாட்டி ஞாபகம் வந்தது. பழைய கைகாட்டி மரத்தில், கேபினில் லீவரை இழுத்தால் கம்பி இழுபட்டுக் கை கீழே சாயும், வண்டி போகலாம். கம்பி அறுந்துபோனால்? எதிர் எடை கையைப் பழையபடி படுக்கை நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அதாவது, ‘நில்’. தண்டவாள சர்க்யூட்டும் அப்படியே. பாட்டரி தீர்ந்தாலும் ஒயர் அறுந்தாலும் ரிலே விழும், சிவப்பு எரியும். சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்து, ஊகம் செய்து பச்சை காட்டாதே என்பது எங்களுக்கு வேதம். பணம் போகும் கடிதத்தில் பெயர் எங்கே முடிகிறது, தொகை எங்கே ஆரம்பிக்கிறது என்று கம்ப்யூட்டர் ஊகிக்க ஆரம்பித்தால் செல்வத்தின் கூலி யார் கணக்கில் ஏறும் என்று சொல்ல முடியாது.

அதற்காக, நிற்கும் வண்டியில் இருப்பவர்களின் கஷ்டம் கஷ்டம் இல்லை என்று ஆகிவிடாது. நடுக்காட்டில் இரண்டு மணி நேரம் நின்ற பிரயாணிகளிடம் ஏச்சு வாங்கியவன் நான். சிக்னல் சிவப்பானதற்காக யாரும் சிக்னலைக் குறை சொல்லக் கூடாது. கம்பி ஏன் அறுந்தது என்று கேட்க வேண்டும். கடிதத்தை அனுப்புகிறவன் அனுப்பும் முன்பே சரிபார்க்கப் பழக வேண்டும். அதைத்தான் அவள் மேடையில் சொல்லிக்கொடுக்கிறாள்.

பேச்சை முதலில் வீட்டு ஹாலில் என் முன்னால் பேசிப்பார்ப்பாள். எனக்குப் புரியாத இடத்தில் கையைத் தூக்க வேண்டும் என்று ஏற்பாடு. ‘ஸ்கீமா’ என்று ஒன்று வந்தது, கையைத் தூக்கினேன். கடிதம் இலக்கணப்படி சரியாக இருந்தால் மட்டும் போதாது, எந்தெந்தச் சீட்டு எந்த வரிசையில் இருக்க வேண்டும், தொகை என்றால் எண் மட்டுமே இருக்க வேண்டும் என்ற பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும், அந்தப் பட்டியல்தான் ஸ்கீமா என்று விளக்கினாள். நான் அவளுக்கு நீல்ஸ் டோக்கன் கருவியைப் பற்றிச் சொன்னேன். ஒற்றை ரயில் பாதையில் டிரைவர் கையில் உருண்டை இல்லாமல் வண்டி நகராது. ஒரு செக்ஷனுக்குரிய உருண்டை பக்கத்து செக்ஷன் கருவிக்குள் நுழையவே நுழையாது. அமைப்பையே மாற்றிச் செய்திருப்பார்கள். உருண்டை நல்ல உருண்டைதான், ஆனால் இந்த வாய்க்கு உரியது அல்ல. “அப்பா, இதை நான் எடுத்துக்கட்டுமா?” என்றாள். இப்போது அந்த உருண்டையின் படம் அவள் பேச்சில் நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டது.

போன முறை மாதாப்பூர் பக்கம் நடந்த மாநாட்டுக்கு நானும் கூடப் போயிருந்தேன். பக்கத்துப் பெரிய அரங்கில் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச்சு, நிற்கக்கூட இடமில்லை. இவளுக்குக் கிடைத்த சின்ன அறையில் என்னையும் சேர்த்து இருபத்து நான்கு பேர். அவள் முகம் சற்று வாடியதை நான் கவனித்தேன். ஆனால் வழக்கமான அறிமுகம் எதுவும் இல்லாமல், உடைந்த கடிதம் ஒன்றைத் திரையில் போட்டு, “இதில் எங்கே தப்பு?” என்று கேட்டாள். ஐந்து நிமிஷம் அவள் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளே எழுந்து வந்து திரையில் விரலை வைத்துக் காட்டினார்கள். பொத்தான் அமுக்கும் வித்தை கடைசிவரை கிடையாது. யுபிஐ போன்ற செய்திகளில் மின்னணுக் கையொப்பம் அரக்கு முத்திரை மாதிரி, ஒப்பமிட்ட பிறகு நடுவில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை உடைந்ததாகிவிடும் என்பதையும் அங்கேயே மாற்றிக் காட்டினாள்.

பேச்சு முப்பது நிமிஷம். வெளியே தாழ்வாரத்தில் நடந்தது ஒரு மணி நேரத்துக்கு மேல், இங்கிலீஷ், தெலுங்கு, இந்தி எல்லாம் கலந்து. விருதுநகர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் “மேடம்” என்று ஆரம்பித்து, நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும், “அக்கா, எங்க ஆபீஸ்ல ஒரு சோப் சர்வீஸ் இருக்கு. எழுதினவர் வேலையை விட்டுப் போயிட்டார். அதைத் தொடவே எல்லாரும் பயப்படறாங்க” என்றான். லேப்டாப்பைத் திறந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் இரண்டு காப்பி குடித்துவிட்டு வந்தபோதும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பையனைப்போல நம் வீடுகளிலும் பிள்ளைகள் இருப்பார்கள். அடுத்த மாத இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் சங்கக் கட்டிடத்தில் இதே பேச்சைத் தமிழில் நடத்த அவள் சம்மதித்திருக்கிறாள். செயலாளரிடம் சொல்லி மாடி ஹாலைக் கேட்டு வைத்திருக்கிறேன். வேலையில் இருப்பவர்களும் கல்லூரியில் கடைசி வருஷம் படிப்பவர்களும் வரலாம். தங்கள் ஆபீசில் தொல்லை கொடுக்கும் கடிதம் ஏதாவது இருந்தால், பெயரையும் கணக்கு எண்ணையும் அழித்துவிட்டுக் கொண்டு வரலாம். புரொஜெக்டர் பழுது என்று கேள்வி. கரும்பலகை இருக்கிறது, சாக்பீஸ் நான் வாங்கி வருகிறேன்.