முதல் பங்கு வாங்கும் முன்

ஒரு நிறுவனத்தின் பங்கு என்பது அதன் உடைமையில் ஒரு துண்டு. கடன் கொடுத்தவருக்கு வட்டி வரும் என்று எழுத்தில் உறுதி உண்டு. பங்கு வாங்கியவருக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. தொழில் லாபம் பார்த்தால் லாபத்தில் பங்கு, நட்டப்பட்டால் நட்டத்திலும் பங்கு. லாபத்தின் ஒரு பகுதியை நிறுவனம் ஈவுத்தொகையாகத் தரலாம். தராமல் தொழிலிலேயே திரும்பப் போடவும் செய்யலாம். தொழில் வளர வளர கையில் உள்ள துண்டின் மதிப்பும் கூடும் என்ற நம்பிக்கையில்தான் முதலீட்டாளர் பணம் போடுகிறார்.

புதிதாக வருபவர்கள் முதலில் இடறுவது விலையில். பத்து ரூபாய்ப் பங்கு மலிவு, பத்தாயிரம் ரூபாய்ப் பங்கு எட்டாக்கனி என்று பலர் நினைக்கிறார்கள். திருவொற்றியூரில் 1946-இல் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ஒரு பங்கு, 2023 ஜூன் மாதம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் அந்த விலையை எட்டிய முதல் பங்கு அது. ஆனால் அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகளே சுமார் 42 லட்சம்தான். ஆக, அன்றைய விலையில் முழு நிறுவனத்தின் மதிப்பு ஏறத்தாழ 42,000 கோடி ரூபாய். வேறொரு நிறுவனம் 5,000 கோடிப் பங்குகளை வெளியிட்டு, ஒவ்வொன்றும் பத்து ரூபாய்க்கு விற்றால், அதன் மதிப்பு 50,000 கோடி. இரண்டாவது நிறுவனத்தின் மதிப்புதான் அதிகம். தோசையை எத்தனை விள்ளலாகப் பிய்த்தாலும் தோசை ஒன்றுதான். விள்ளலின் அளவைப் பார்த்து தோசையின் விலையைச் சொல்ல முடியாது.

பங்கு வாங்க மூன்று கணக்குகள் வேண்டும்: பணம் இருக்கும் வங்கிக் கணக்கு, வாங்க விற்க தரகருக்கு உத்தரவு கொடுக்கும் டிரேடிங் கணக்கு, வாங்கிய பங்குகள் மின்னணு வடிவில் இருக்கும் டீமேட் கணக்கு. பான் எண்ணும் ஆதாரும் இருந்தால் கைப்பேசியிலேயே பின்னிரண்டையும் தொடங்கிவிடலாம். எப்போதும் இவ்வளவு எளிதாக இருந்ததில்லை. சென்னைப் பங்குச்சந்தை 1937-இல் தொடங்கியது, 2015-இல் மூடப்பட்டது. அதன் ஆயுளில் பெரும்பகுதி காகிதச் சான்றிதழ்களின் காலம். கையெழுத்து சற்றே மாறினாலும் பங்கு பெயர் மாறாமல் திரும்பி வரும், தபாலில் தொலையும், போலிகளும் புழங்கின. 1996-இல் டெபாசிட்டரி சட்டம் வந்த பிறகு என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு அமைப்புகள் பங்குகளை மின்னணுப் பதிவாகப் பாதுகாக்கின்றன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பங்குகள் தரகரிடம் இல்லை, டெபாசிட்டரியிடம் முதலீட்டாளரின் பெயரில் இருக்கின்றன. தரகர் வெறும் வாசல். இந்த வாசல்காரரே வாடிக்கையாளர்களின் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கிய கதை 2019-இல் கார்வி என்ற தரகு நிறுவனத்தின் விவகாரத்தில் வெளிவந்தது. அதன் பிறகு விதிகள் இறுகின. இருந்தாலும், தரகரின் செயலி காட்டும் கணக்கோடு டெபாசிட்டரி மின்னஞ்சலில் அனுப்பும் கணக்கறிக்கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் தரகர் பெற்ற பதிவு எண் ஐ.என்.இசட். என்று தொடங்கும், அதை செபி இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

கணக்கு தொடங்கும்போதே செயலி இன்னொன்றையும் கேட்கும்: எஃப் அண்ட் ஓ வேண்டுமா? முன்பேர, விருப்ப ஒப்பந்தங்களில் ஈடுபடும் பிரிவு அது. புதியவர் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விடுவதே அவர் எடுக்கும் மிக லாபகரமான முடிவாக இருக்கும். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் இந்தப் பிரிவில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதைச் சந்தையின் ஏற்ற இறக்கம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பங்கு வாங்குபவர் ஒரு தொழிலில் கூட்டாளி ஆகிறார். இங்கே நடப்பது நாளைய விலை மீதான பந்தயம்.

காலை 9.15 முதல் மாலை 3.30 வரை சந்தை நடக்கும். மும்பைப் பங்குச்சந்தை, தேசியப் பங்குச்சந்தை இரண்டில் எதில் வாங்கினாலும் பங்கு ஒன்றே. உத்தரவு கொடுக்கும்போது 'டெலிவரி' என்று தேர்ந்தெடுக்க வேண்டும்; 'இன்ட்ராடே' என்றால் அன்றே விற்றுத் தீர்க்க வேண்டிய வியாபாரம். விலையைக் குறிப்பிட்டுக் கேட்கும் லிமிட் உத்தரவே பாதுகாப்பு. அதிகம் கைமாறாத பங்கை 'சந்தை விலைக்கு' என்று கேட்டால், எதிர்பாராத விலையில் தலையில் கட்டப்படும். திங்கட்கிழமை வாங்கிய பங்கு, விடுமுறை இல்லாவிட்டால், செவ்வாய்க்கிழமை டீமேட் கணக்கில் வந்துவிடும்.

தரகுக் கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்யும் இடத்திலும் செலவு உண்டு. டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் மதிப்பில் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி. பத்தாயிரம் ரூபாய்க்குப் பத்து ரூபாய். விற்கும்போது டீமேட் கட்டணமாக ஒரு நிலையான தொகையும் பிடிக்கப்படும். ஐந்நூறு ரூபாய்க்கு விற்றாலும் ஐந்து லட்சத்துக்கு விற்றாலும் அது ஒன்றே என்பதால், சிறுகச் சிறுக விற்பவருக்குத்தான் அடி. லாபத்துக்கும் வரி உண்டு. 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். ஓராண்டு கடந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும் 12.5 சதவீதம். பொறுத்திருப்பவருக்குச் சட்டமே சலுகை தருகிறது.

எதை வாங்குவது? நிறுவனத்தின் ஆண்டறிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. விற்பனையும் லாபமும் சில ஆண்டுகளாக எப்படி நகர்ந்திருக்கின்றன, கடன் எவ்வளவு, காட்டிய லாபம் ரொக்கமாக வந்ததா, நிறுவனர்கள் தங்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா என்ற நான்கையும் பார்த்தாலே பாதிப் பங்குகள் கழிந்துவிடும். அறிக்கையே பொய்யாகவும் இருக்கலாம். சத்யம் நிறுவனத்தின் தலைவர் கணக்குகள் புனையப்பட்டவை என்று 2009 ஜனவரி 7-இல் ஒப்புக்கொண்டார். சுமார் 179 ரூபாயில் இருந்த பங்கு அன்று மாலையே 40 ரூபாய்க்கு வந்தது. ஒரே பங்கில் மொத்தப் பணத்தையும் போடக்கூடாது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆண்டறிக்கை படிக்க நேரமோ விருப்பமோ இல்லாதவருக்கு இண்டெக்ஸ் ஃபண்ட் இருக்கிறது. நிஃப்டி குறியீட்டில் உள்ள 50 பெரிய நிறுவனங்களையும் அதே விகிதத்தில் மொத்தமாக வாங்கும் மியூச்சுவல் ஃபண்ட் அது. மாதம் ஐந்நூறு ரூபாயிலேயே தொடங்கலாம். பெரும்பாலோருக்கு இதுவே போதும். தனிப் பங்கு வாங்கும் ஆசை இருந்தால், கொஞ்சப் பணத்தில் பிறகு பழகிக்கொள்ளலாம்.

எப்படி வாங்கினாலும் சரிவு வரும். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய, மும்பைப் பங்குச்சந்தையின் குறியீடான சென்செக்ஸ் அக்டோபரில் 8,000-க்கும் கீழே போனது; பழைய உயரத்தை மீண்டும் எட்ட 2010 நவம்பர் ஆனது. கொரோனா காலத்தில் 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 26,000-க்குக் கீழே வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 47,000-ஐக் கடந்தது. இடையில் விற்றவர்களுக்கு மட்டுமே அந்த நட்டம் நிலைத்தது. குறியீட்டுக்குப் பொருந்தும் இது தனிப் பங்குக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது; விழுந்து எழாத நிறுவனங்கள் ஏராளம். ஐந்து ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தை, மகளின் கல்யாணத்துக்கு வைத்ததை, நகையை அடகு வைத்து வாங்கியதைச் சந்தையில் போடக்கூடாது என்பது இதனால்தான். நகைக்கடன் வட்டி தேதி தவறாமல் ஏறும்; சந்தைக்குத் தேதி கிடையாது.

வாட்ஸ்ஆப், டெலிகிராம் குழுக்களில் வரும் 'டிப்ஸ்' பெரும்பாலும் ஏற்கெனவே வாங்கி வைத்தவர் தன் பங்கை விற்க ஆள் தேடும் வேலை. காசு வாங்கி ஆலோசனை சொல்பவருக்கு செபி பதிவு கட்டாயம். முதலீட்டு ஆலோசகரின் எண் ஐ.என்.ஏ. என்றும், ஆய்வாளரின் எண் ஐ.என்.எச். என்றும் தொடங்கும். உறுதியான லாபம் என்று வாக்குக் கொடுக்க இவர்களில் யாருக்கும் அனுமதி இல்லை. தரகர் மீது புகார் இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதிவு செய்யலாம்.

கணக்கு தொடங்கும் அவசரத்தில் பலர் தள்ளிப்போடுவது, தனக்குப் பின் பங்குகளைப் பெற நியமிக்கும் நாமினியின் பெயர். கணக்குதாரர் இறந்து, கணக்கு கவனிப்பாரின்றிக் கிடந்து, ஏழு ஆண்டுகள் தொடர்ந்து ஈவுத்தொகை கோரப்படாவிட்டால், அந்தப் பங்குகளும் அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். வாரிசுகள் அங்கிருந்து மீட்க விண்ணப்பம், சான்றிதழ், அலைச்சல் என்று ஒரு பாடு பட வேண்டும். டீமேட் கணக்கு எந்தத் தரகரிடம் இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.